வாக்கு வந்த காலமும் அதிகாரம் இருந்த அறையும்

உலகப் பெருமந்தக் காலத்துத் தேர்தல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தே தொடங்குவர். நானும் அங்கிருந்து தொடங்கி, எங்கள் குறிஞ்சாக்கேணிக்கு வர எண்ணுகிறேன். காரணம் உண்டு. அமெரிக்க வாக்காளனுக்கும் எங்கள் ஊர் வாக்காளனுக்கும் அந்தப் பத்தாண்டில் நேர்ந்தவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரையின் பொருள்.

1929இல் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டு நடந்த மாநில ஆளுநர் தேர்தல்களிலேயே மக்களின் சினம் தெரியத் தொடங்கிவிட்டது. மினசோட்டா மாநிலத்தில் விவசாயிகளும் தொழிலாளரும் சேர்ந்து அமைத்த கட்சியின் புளொய்ட் ஒல்சன் 1930இல் ஆளுநராகத் தெரிவானார். நியூயோர்க் ஆளுநராக இருந்த பிராங்ளின் ரூசுவெல்ட், 1932இல் ஹூவரைத் தோற்கடித்து ஜனாதிபதியானார். பசித்த மக்கள் ஆண்ட கட்சியைத் தண்டித்தார்கள், அதிகாரம் கைமாறியது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதுவே நிகழ்ந்தது. 1937இல் சென்னை மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வீழ்ந்தது. 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் வென்றது. நீதிக்கட்சித் தலைவரான பொப்பிலி அரசரே தம் தொகுதியில் வி.வி. கிரியிடம் தோற்றார்.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே வாக்குரிமையும் மந்தமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. டொனமூர் ஆணைக்குழுவின் திட்டத்தைப் பழைய சட்டசபை 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு நாட்டின் தலைவிதி மாறியது என்றால் அது மிகையன்று. அதன்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும், படிப்போ சொத்தோ பாராமல் வாக்குரிமை கிடைத்தது. முன்பு ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை பதினைந்து இலட்சத்தைத் தாண்டியது. பிரித்தானியப் பெண்களே ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையை 1928இல்தான் பெற்றிருந்தனர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதோருக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, நிறப்பெட்டிகளில் வாக்குச் சீட்டை இடச் செய்தனர். குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பகுதிகளின் உழவரும் மீனவரும் விறகு வெட்டுவோரும் தேர்தல் என்ற ஒன்றில் பங்குகொள்ள வழி திறந்தது 1931 ஜூனில்தான்.

ஆனால் அந்தப் பெட்டியில் இட்ட சீட்டு யாரைத் தண்டிக்கக் கூடியதாக இருந்தது? அமெரிக்க மாநிலத்தின் ஆளுநர் மக்களால் தெரியப்பட்டவர். எங்கள் தேசாதிபதியோ இலண்டனிலே நியமனம் பெற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர். அரசாங்க சபையில் 50 பேர் தெரிவு செய்யப்பட்டவர்கள்; 8 பேர் நியமன உறுப்பினர்கள்; மூவர் அரச அலுவலர்கள். அந்த மூவரிடமே நாட்டின் நிதியும் சட்டமும் பாதுகாப்பும் இருந்தன. தேயிலை, இறப்பர், தெங்கு விலைகள் வீழ்ந்து, அரசாங்கத்தின் வருமானம் வற்றிய வேளையில், பணப்பெட்டியின் திறவுகோல் வாக்குக் கேட்டு வந்த எவரிடமும் இருக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகமோ பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. தண்டிப்பதற்குக் கட்சி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. தனிமனிதர்களே நின்றனர், குடும்பம், குலம், சமயம், செல்வாக்கு ஆகியவையே பேசின.

யாழ்ப்பாணம் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தது. டொனமூர்த் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் எழுப்பிய குரலுக்குச் செவிசாய்த்து, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நிற்கவில்லை. கொள்கையளவில் உயர்ந்த முடிவு அது. எனினும் அந்த நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன.

கிழக்கு பகிஷ்கரிக்கவில்லை. எங்கள் பகுதி திருகோணமலை – மட்டக்களப்பு என்ற தொகுதியில் அடங்கியிருந்தது. கிண்ணியாத் துறை தொடங்கி வெருகலுக்கு அப்பாலும் துறை துறையாகக் கடந்து செல்ல வேண்டிய நீண்ட தொகுதி. எம்.எம். சுப்பிரமணியம் 1931இல் அதன் உறுப்பினரானார். மட்டக்களப்புத் தெற்கில் எச்.எம். மாக்கான் மாக்கார் வெற்றி பெற்றார். அவர் காலியில் பிறந்தவர்; ஆயினும் கிழக்கின் மக்கள் அவரை அனுப்பினார்கள். அவர் போக்குவரத்து, மராமத்து அமைச்சருமானார். மலையகத்தில் இருந்து சென்ற பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். முதலாவது அமைச்சர் சபையின் எழுவரில் இருவர் சிறுபான்மையினர்.

அமைச்சர்கள் எவ்வாறு தெரிவானார்கள் என்பதைச் சற்று விளக்க வேண்டும். பிரதமர் ஒருவர் அழைத்துப் பதவி வழங்கவில்லை. அரச அலுவலர் தவிர்ந்த உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பால் தன் தலைவரைத் தெரிந்தது. அத்தலைவரே அத்துறையின் அமைச்சர். கட்சியில்லாத நாட்டில் சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்கட்டும் என்பதே இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் நோக்கம்.

அடுத்த ஐந்தாண்டுகளில் மந்தம் ஆழ்ந்தது. 1932இல் வருமான வரி வந்தது. 1934–35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது எனக் கணிக்கப்படுகிறது. அந்தத் துயரத்தினிடையே சேவை செய்த இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடக்கினர். 1936 தேர்தலில் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் என்.எம். பெரேரா ருவான்வெல்லையிலும் வென்றனர். உலகெங்கும் பெருமந்தம் ஏற்படுத்திய அரசியல் அலை, இலங்கையில் பெற்றெடுத்த ஆசனங்கள் இரண்டுதான்.

அப்படியானால் அதிகாரம் கைமாறவே இல்லையா? மாறியது. வாக்குச் சாவடியில் அன்று, குழு அறையில்.

1936இல் மாக்கான் மாக்காரும் பெரி. சுந்தரமும் சபைக்குத் திரும்பவில்லை. மட்டக்களப்புத் தெற்கில் எஸ்.ஓ. கனகசபையும், எங்கள் தொகுதியில் ஈ.ஆர். தம்பிமுத்துவும் தெரிவாகினர். குழுக்கள் அமைக்கப்பட்டபோது ஏழு குழுக்களிலும் சிங்களத் தலைவர்களே வரும்படி உறுப்பினர்கள் பகிர்ந்து அமர்ந்தனர். கணக்கு எளிது. ஒரு குழுவுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர். ஐவர் ஒன்றாக நின்றால் தலைவர் அவர்களுடையவர். ஏழு குழுக்களுக்கும் 35 பேர் போதும். அத்தொகையினர் சிங்கள உறுப்பினரிடையே இருந்தனர். இந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்தவர் தமிழரான கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஒருமித்த குரலில் அரசியல் சீர்திருத்தம் கேட்பதற்கே இவ்வாறு செய்ததாகத் தலைவர்கள் விளக்கம் கூறினர். அந்த விளக்கத்தில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் கூற மாட்டேன். ஆனால் விலக்கி வைக்கப்பட்டவன் விளக்கத்தை நினைவு வைத்திருப்பதில்லை. விலக்கியதையே நினைவு வைத்திருக்கிறான். 1942இல் அ. மகாதேவா உள்நாட்டு அமைச்சராகும் வரை தனிச் சிங்கள அமைச்சர் சபையே நீடித்தது.

இதன் பயன் நூலளவில் நின்றுவிடவில்லை. விவசாயமும் காணியும் 1931 முதலே டி.எஸ். சேனநாயக்காவின் பொறுப்பில் இருந்தன. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் அவரது முயற்சி. அந்தச் சட்டத்தின் அடியிலேயே பின்னாளில் உலர் வலயக் குடியேற்றங்கள் வளர்ந்தன. எங்கள் மாவட்டத்தில் கந்தளாயும் அல்லையும் அவ்வழியில் வந்தவை. காணி யாருக்கு என்ற கேள்வி பின்னர் எத்தனை குடும்பங்களைப் பகையாக்கியது என்பதைத் திருகோணமலை மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காணிகளைப் பற்றி முடிவெடுத்த குழு அறையில் எங்கள் குரல் எவ்வளவு கேட்டது என்பதே என் கேள்வி.

ஆயினும் ஒரு தனி ஆசனத்தால் எதுவும் ஆகாது என்று முடிப்பது நியாயமன்று. 1943 இடைத்தேர்தலில் எங்கள் தொகுதிக்கு வ. நல்லையா வந்தார். ஆசிரியப் பணியில் இருந்து அரசியலுக்கு வந்தவர். சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்று ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணை 1944 மே மாதத்தில் விவாதத்துக்கு வந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை முன்மொழிந்தவர் அந்த நல்லையாவே. திருத்தம் ஏற்கப்பட்டு, பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1956இல் அந்த இணக்கம் சிதைந்தது வேறு கதை. ஆனால் அன்று அந்த நாற்காலி வெறுமையாகக் கிடந்திருந்தால் அத்திருத்தத்தை எங்கள் பெயரால் முன்மொழிய எவரும் இருந்திருக்கமாட்டார்.

இதிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றே. வாக்குரிமை பெறுவது வேறு. முடிவெடுக்கும் அறைக்குள் ஆள் இருப்பது வேறு. முன்னது 1931இல் எங்களுக்குக் கிடைத்தது. பின்னதை அன்று முதல் தேடிக்கொண்டே வருகிறோம்.

இதைப் பழங்கதை என்று எண்ணுவோர் அண்மைக் காலத்தையும் பார்க்கட்டும். கிண்ணியாத் துறைக்குப் பாலம் வந்தது 2009இல். குறிஞ்சாக்கேணியில் பால வேலை முடியாதிருந்த வேளையில், 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அவ்வேளையில் கிழக்கு மாகாணத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்று இருக்கவில்லை. அதன் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்த பின் தேர்தல் நடத்தப்படாமல், ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களே மாகாணத்தை நிர்வகித்தனர். சபை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பர் என்று நான் வாதிடவில்லை. ஆனால் பாலம் ஏன் தாமதமாயிற்று என்று சபையில் எழுந்து கேட்கவும், பதில் வராவிட்டால் அடுத்த தேர்தலில் தண்டிக்கவும் எங்கள் மக்களுக்கு மாகாண அளவில் எவரும் இருக்கவில்லை. 1931இல் நிறப்பெட்டியின் முன் நின்ற எங்கள் முன்னோருக்கும் இதே நிலைதான்.