தியாகராய நகரில் நிலப்பயன்பாடும் வாகன நிறுத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

சென்னைத் தியாகராய நகரின் வாகன நிறுத்தச் சிக்கலை அதன் நிலப்பயன்பாட்டு வரலாற்றினின்று பிரித்து ஆராய இயலாது. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலம் ஏரிப் பரப்பு குடியிருப்பு மனைகளாக்கப்பட்டது. வீடுகளுக்கென வகுத்த தெருக்களில் பின்னர் வணிகம் பெருகியது.

2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்போர்க்கு இடம் வேண்டும் என்றது மாநகராட்சி. வாடிக்கையாளர் குறைவர் என அஞ்சினர் வணிகர். வண்டிகள் உட்தெருக்களை அடைக்கும் என்றனர் குடியிருப்போர். மூன்றும் ஒரே பொதுநிலத்தின் மீதான கோரிக்கைகளே.

நிற்கும் மகிழுந்து ஏறத்தாழ 12 சதுர மீட்டர் கொள்கிறது. தெரு வணிகர்க்கு அதனினும் குறைந்த இடமே போதும். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் உரிமையை ஏற்ற பின்னரும், ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் அவரையே சுட்டுகிறது. எனவே, வாகன நிறுத்த விதியை நிலப் பங்கீடாகவே வாசித்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.