கூதல் எங்க போச்சு?

வெள்ளவத்தையில் மார்கழி மழைக்கு "கூதலடிக்குது" என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாக்கள். எங்கட வயசுக்காரர் "குளிருது" என்போம். கொட்டாஞ்சேனையில் இருக்கிற மலையகக் கூட்டாளிமாரும் அப்படித்தான். கூதல் ஊர்ப்பேச்சு என்று சிரிக்கிறவர்களும் எங்களுக்குள்ள உண்டு. சிரிக்கிறதுக்கு முதல் அந்தச் சொல்லின் வயதைப் பார்ப்போம்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தொல்காப்பியம் அதைக் குறிஞ்சிக்குரிய பொழுதாக வைக்கிறது. கூதிரும் கூதலும் ஒரே வேர். கூதிர் ஏட்டில் தங்கிவிட்டது, கூதல் வாயில் தப்பிப் பிழைத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கூதக்காத்து, எங்களிடம் கூதல். ஆக, அம்மம்மா பேசுவது கொச்சை இல்லை.

இந்தக் கூதிரை நல்லாக் காட்டுகிற பாட்டு நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடி. இடையர் நெருப்பில் கை காய்ச்சிக் கன்னத்தில் வைத்தும் நடுங்குகிறார்கள், குரங்கு கூனிப் போகிறது, பால் குடிக்க வந்த கன்றை மாடு உதைக்கிறது. நகரத்துக்குள்ளே விசிறிகள் சும்மா தொங்குகின்றன. ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை, எல்லோரும் நெருப்புச் சட்டியைச் சுற்றி இருக்கிறார்கள்.

அந்தத் 'தண்ணீர்' முக்கியம். தண் என்றால் குளிர்ந்த. தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர், அந்தப் பாட்டில் அதே பொருளில்தான் வருகிறது. பிறகு குளிர் கழன்று வெறும் நீர் மிஞ்சியது. அதனால்தான் நாங்கள் கூச்சமே இல்லாமல் "சுடுதண்ணி" என்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சுடுகிற குளிர்நீர்! மலையாளத்தில் இன்றும் குளிருக்கு 'தணுப்பு' என்றே பெயர். எங்களுக்குத் தாகம் தணிவதிலும் கோபம் தணிவதிலும் அந்த வேர் ஒளிந்திருக்கிறது.

லத்விய மொழியில் குளிர்ந்த என்பதற்கு 'ஔக்ஸ்ட்ஸ்' என்று ஒரு சொல். ஒரு மனிசரை அப்படிச் சொன்னால் பாசமில்லாத ஆள் என்று அர்த்தம். பால்டிக் கரையில் குளிர் ஆளைக் கொல்லும், அங்கே அது நியாயம்தான். இங்கே கண் குளிர்கிறது, மனம் குளிர்கிறது, அருளுக்குப் பெயர் தண்ணளி. வெயிலில் காய்ந்தவர்கள் கட்டிய மொழி இது. ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குகிற சிலர் 'குளிர்ந்த பார்வை' என்று எழுதி வெறுப்பைக் காட்டப் பார்ப்பது எங்களுக்கு ஒட்டவே இல்லை. தமிழில் அது அன்பான பார்வை.

ஆனால் கூதலுக்கு இந்த இனிமை கிடையாது. மனம் கூதலாகாது. அது எலும்புக்குள் இறங்குகிற குளிருக்கு மட்டுமான சொல், குளிர் அதன் இடத்தை நிரப்பாது. வருசம் முழுக்க 27, 28 பாகையில் கிடக்கிற கொழும்பில் அதற்கு வேலை குறைவு என்பது உண்மை. கூடவே, பல ஊர்ச் சனம் கலந்த நகரத்தில் எல்லோருக்கும் விளங்குகிற சொல்தான் வெல்லும்.

வாடைக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூட. செங்கை ஆழியான் அதை நாவலின் தலைப்பாக்கினார், 1978இல் 'வாடைக்காற்று' படமாகவும் வந்தது. கூதலுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. கொழும்பில் 1866இல் ஐஸ் கொம்பனி தொடங்கியபோது வந்த 'ஐஸ்' நல்லா ஊன்றிவிட்டது. ஒருவரைப் புகழ்ந்து மயக்கினால் இப்ப அவருக்கு ஐஸ் வைக்கிறோம். யாழ்ப்பாணக் கடைப்பலகைகளில் ஐஸ்கிரீமுக்குக் 'குளிர்களி' என்று எழுதினார்கள். அங்கேயும் குளிர்தான், கூதல் இல்லை. கூதலை யார் நக்கிச் சாப்பிடுவார்கள்?