பத்து லட்சம் மணி நேரத்தின் கணக்கு

ஹார்ட் டிஸ்க் ஒன்றின் விவரத் தாளைப் புரட்டினால், 'பழுதுக்கான சராசரிக் காலம் 10,00,000 மணி நேரம்' என்பது போன்ற வரி கண்ணில் படும். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டுகள். பேரனுக்கு உயில் எழுதி வைக்கலாம் போலிருக்கும். அதே டிஸ்க்குக்குத் தரப்படும் உத்தரவாதமோ மூன்று அல்லது ஐந்து ஆண்டுதான். இந்த இரண்டு எண்களும் எப்படி ஒரே தாளில் குடியிருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு போனால், தரவுப் பாதுகாப்பின் வரலாறு முழுவதும் அகப்படுகிறது.

அது தொடங்கும் ஊர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. அங்கிருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் ரெனால்டு ஜான்சன் தலைமையில் உருவான 'ராமாக்' 1956 செப்டம்பரில் வெளிவந்தது. அதன் சேமிப்புப் பெட்டிக்குள் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவு பெரிய இரும்புக்குள் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள்; இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் தீர்ந்துவிடும். படிக்கும் முனை தட்டில் உரசிவிடாமல் இருக்க அழுத்தக் காற்றை ஊதினார்கள். உரசினால் காந்தப் பூச்சு பெயர்ந்து வரும். அதில் எழுதியிருந்த கணக்கும் சேர்ந்து போகும்.

1973இல் அதே நிறுவனம் முனைகளையும் தட்டுகளையும் ஒன்றாக, தூசி புகாத உறைக்குள் அடைத்தது. 30 மெகாபைட் கொண்ட இரண்டு பகுதிகள் என்று முதலில் திட்டமிட்டதால், '30-30' தோட்டா போடும் துப்பாக்கியின் நினைவாக 'வின்செஸ்டர்' என்று பெயர் வந்தது. இன்று மேசைக்கடியில் சுழலும் ஹார்ட் டிஸ்க் அதன் வாரிசு. டிஸ்க்கைப் பழுதாகாமல் செய்வது எப்படி என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் கொடுத்த மிகச் சிறந்த விடை இதுதான்.

கேள்வியையே மாற்றியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். டேவிட் பேட்டர்சன், ராண்டி காட்ஸ், அப்போது ஆய்வு மாணவராயிருந்த கார்த் கிப்சன் ஆகிய மூவரும் 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரிய நிறுவனங்கள் வாங்கும் விலையுயர்ந்த ஐ.பி.எம். டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக, தனிநபர் கணினிக்குச் செய்த மலிவான சிறு டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. வேகம் கூடும், செலவு குறையும். ஆனால் ஒவ்வொன்றும் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் டிஸ்க்குகளில் நூற்றை ஒன்றாகக் கட்டினால், எங்கோ ஒன்று 300 மணி நேரத்துக்கு ஒருமுறை படுத்துவிடும். இரண்டு வாரம்கூடத் தாங்காத களஞ்சியத்தில் யார் நெல் கொட்டுவார்கள்?

அவர்கள் சொன்ன தீர்வை எந்த மளிகைக் கடைக்காரரும் புரிந்துகொள்வார். மூன்று பேரின் பாக்கியை மூன்று தாளிலும் மொத்தத்தை நான்காவது தாளிலும் எழுதிவைத்தால், எந்தத் தாளைக் கறையான் அரித்தாலும் மற்ற மூன்றிலிருந்து அதைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். டிஸ்க்குகளிலும் அப்படியே. பத்து டிஸ்க்குக்கு ஒன்று வீதம் உபரி வைத்தால், கூட்டத்தின் சராசரி ஆயுள் 300 மணியிலிருந்து 8,20,000 மணிக்கு ஏறும் என்று கணக்கிட்டார்கள். இதுவே 'ரெய்டு'. டிஸ்க் சாகும் என்பதை ஒப்புக்கொண்டு, அது செத்த பிறகும் தரவு பிழைப்பதற்கு வழி செய்தது இந்த ஏற்பாடு.

கணக்குக்கு அடியில் ஓர் அனுமானம் இருந்தது: ஒரு டிஸ்க்கின் சாவுக்கும் இன்னொன்றின் சாவுக்கும் தொடர்பில்லை. எளிமைக்காகவே இப்படிக் கொள்கிறோம் என்று கட்டுரையிலேயே எழுதியும் வைத்தார்கள். அந்த வரியை வாசகர்கள் எளிதாகக் கடந்து போய்விட்டார்கள் என்றே தோன்றுகிறது.

19 ஆண்டுகள் கழித்து, 2007 பிப்ரவரியில், சேமிப்புத் தொழில்நுட்ப மாநாடு ஒன்று கூடியது. இடம், மறுபடியும் சான் ஹோசே. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியங்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும், பல நிறுவனங்களில் ஓடிய ஏறத்தாழ 1,00,000 டிஸ்க்குகளில் எவை எப்போது மாற்றப்பட்டன என்ற பதிவேடுகளைத் தொகுத்துக் கொண்டுவந்தார்கள். தயாரிப்பாளர் எண்ணின்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 விழுக்காடு டிஸ்க்குகளே மாற்றப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 விழுக்காடு என்பது சாதாரணம். சில இடங்களில் 13 வரை போயிருந்தது. விலை கூடிய ரகம் மலிவு ரகத்தைவிடப் பெரிதாக ஒன்றும் நீடிக்கவில்லை. ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு டிஸ்க் படுக்கும் வாய்ப்போ, தொடர்பற்ற சாவு என்ற அனுமானம் சொல்வதைப்போல் நான்கு மடங்கு. தம் இளமைக் கணக்கைத் தாமே தணிக்கை செய்து பிழை காட்டும் ஆய்வாளர்கள் அடிக்கடி கிடைப்பதில்லை.

விவரத் தாள் பொய் சொன்னது என்று சொல்வதும் முழுக்கச் சரியாகாது. அந்த எண் கூட்டத்துக்கு உரியது; நாம் அதை ஒரு டிஸ்க்கின் ஜாதகமாக வாசித்தோம். ஆயிரம் டிஸ்க் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒன்பது போகலாம் என்பதே அதன் பொருள். அந்த ஒன்பதும்கூடக் குறைத்துச் சொன்னது என்பதைத்தான் ஷ்ரோடரும் கிப்சனும் காட்டினார்கள்.

அதே மாநாட்டில் கூகுள் ஆய்வாளர்கள் இன்னொரு நம்பிக்கையை அசைத்தார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணித்து எச்சரிக்கும் 'ஸ்மார்ட்' முறை 1990களிலேயே வந்திருந்தது. 1,00,000க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் 36 விழுக்காட்டுக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. வரும் எச்சரிக்கையை மதிக்கத்தான் வேண்டும்: தட்டின் பரப்பை டிஸ்க் தானே சோதிக்கையில் தென்படும் முதல் பிழைக்குப் பிறகு 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கைப்போல் 39 மடங்கு. எச்சரிக்கை வராததை நலம் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

உபரி டிஸ்க்கும் கைகொடுக்காத விபத்து ஒன்று உண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை ஒரு தவறான கட்டளை அழிக்கத் தொடங்கியது. டிஸ்க்குகளில் ஒரு பழுதும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தன. பேக்கப் எடுத்துவந்த முறையும் முன்பே கெட்டிருந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த படக்குழு உறுப்பினர் கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, மெதுவாக ஓட்டிவந்தார்கள்.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது கிட்டத்தட்ட அதே கதை. பொறியாளர் ஒருவர் வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்திலேயே சுமார் 300 ஜிபி அழித்துவிட்டார். ஐந்து விதப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் எதுவும் உடனே உதவவில்லை. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின. நிறுவனம் எதையும் ஒளிக்காமல் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. அன்றாட பேக்கப் மென்பொருளின் பதிப்பு, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் மின்னஞ்சல் கிளம்பியிருக்கிறது. முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் அவற்றைத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தது.