கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே

பட்டறையில் கண்ணைக் காக்கும் கண்ணாடியின் வரலாறு என்றாலே வில்லையின் வரலாற்றைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். வில்லையில் நடந்தவை பெரிய சாதனைகள்தாம். இங்கிலாந்தின் பாட்டில் ஆலைகளில் தகதகக்கும் கண்ணாடிக் குழம்பை ஆண்டுக்கணக்கில் பார்த்து நின்றவர்களுக்குக் கண்புரை விழுந்தது. ராயல் சொசைட்டி அதற்கென ஒரு குழு அமைத்தது. வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் நூற்றுக்கணக்கான கலவைகளை உருக்கிப் பார்த்து, வெப்பக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் குறைக்கும் கண்ணாடி வகைகளை 1914இல் வெளியிட்டார். 1953இல் எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் பிறந்தது. இன்றைய அமெரிக்கத் தரவிதியின் கடும் சோதனையில், 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் வில்லை உடையக் கூடாது.

ஆனால் ஆபத்து வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி அணிந்திருந்தும் கண்ணில் அடிபட்டவர்களைப் பற்றி அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை விசாரித்தது. சுமார் 94 விழுக்காட்டுக் காயங்களில் துகளோ ரசாயனமோ கண்ணாடியைச் சுற்றியோ அதன் அடியிலோ புகுந்திருந்தது. வில்லை தன் வேலையைச் செய்தது, இடைவெளிதான் கைவிட்டது. கிரைண்டிங் சக்கரத்தில் இரும்பைப் பிடிப்பவர் குனிந்து நிற்கிறார். வியர்வையில் ஃபிரேம் மூக்கில் இறங்குகிறது, புருவத்துக்குக் கீழே ஒரு திறப்பு உண்டாகிறது. பொறி அந்த வழியாக வரும். பவர் கண்ணாடி போடுபவருக்குச் சிக்கல் இரட்டிப்பு. 4 பவர் வில்லையின் மையம் கண்மணிக்கு நேரே இல்லாமல் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனால், ஒரு மீட்டர் தொலைவில் பார்வைக் கோடு 2 சென்டிமீட்டர் விலகுகிறது. தலை வலிக்கும், மதியத்துக்குள் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். வீட்டுக் கண்ணாடியின் ஃபிரேமிலேயே கெட்டி வில்லையைப் போட்டாலும் ஆகாது. அடிபட்டதும் வில்லை பின்பக்கமாகக் கழன்று கண்ணிலேயே மோதலாம். பவர் வில்லைக்கான ஃபிரேமுக்கு அமெரிக்கத் தரவிதி ‘இசட்87-2’ என்ற தனி முத்திரையைக் கேட்பது இதனால்தான்.

தொழிலாளிகள் அசட்டையால் கழற்றுகிறார்கள் என்பது முதலாளிகள் தரப்பின் பழைய வாதம். சிலர் அப்படியும் இருக்கலாம். ஆனால் பார்வையை மங்கவைக்கும் கருவியைக் கழற்றுபவர் வேலையைச் சரியாகச் செய்யத்தான் கழற்றுகிறார். பவர் கண்ணாடிக்கு மேலேயே பெரிய காகிள்ஸ் மாட்டலாமே என்பது வலுவான மறுப்பு. சட்டங்களும் அதை அனுமதிக்கின்றன. சற்று நேரம் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது போதும். எட்டு மணி நேரம் லேத்தில் நிற்பவருக்கு இரண்டு அடுக்கிலும் ஆவி படியும், காதோரம் அழுத்தும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் கடமை முடிந்தது என்ற எண்ணத்தையே பிரிட்டனில் ஒரு வழக்கு உடைத்தது. லண்டனின் ஸ்டெப்னி நகராட்சிப் பணிமனையில் ஒரு கண்ணில் மட்டும் பார்வை இருந்த தொழிலாளி, 1942இல் துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியால் அடித்தபோது இரும்புச் சில்லு தெறித்து மற்றக் கண்ணையும் இழந்தார். அத்தகைய வேலைக்குக் கண்ணாடி தருவது வழக்கமில்லை என்றது நிர்வாகம். அவருடைய குறை நிர்வாகத்துக்குத் தெரிந்தே இருந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவரில் மூவர், முதலாளியின் கடமை ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியானது என்று தீர்ப்பளித்தார்கள்.

நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் 35ஆம் பிரிவில் ‘பொருத்தமான’ கண்ணாடி என்றே கேட்டது. டஜன் கணக்கில் ஒரே அளவு வாங்கி அலமாரியில் அடுக்கும் பட்டறைக்காரர்கள், கண்ணாடிக் கடைக்காரரை ஒரு நாள் வரவழைத்து ஒவ்வொருவரின் பவரையும் கண்மணி இடைவெளியையும் மூக்கின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.