தமிழகத்தில் இடமதிப்புக் கற்பித்தல்

இடமதிப்பு என்பது ஓர் எண்ணில் ஓர் இலக்கம் நிற்கும் இடத்தால் அதற்குக் கிடைக்கும் மதிப்பு ஆகும். 365 என்ற எண்ணில் 3 முந்நூறையும், 6 அறுபதையும், 5 ஐந்தையும் குறிக்கின்றன. கூட்டலில் மீதியை அடுத்த இடத்திற்கு ஏற்றுவது, கழித்தலில் கடன் வாங்குவது, பெருக்கல், வகுத்தல், தசம பின்னம் ஆகிய யாவும் இதன்மேல் நிற்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் இப்பாடம் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உடையது. அதற்கு முன் வழங்கிய தமிழ் எண்முறையில் இடத்திற்குத் தனி மதிப்பு இல்லை. பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிகளே இருந்தன. இன்றைய குழந்தைகள் இடமதிப்பில் செய்யும் பரவலான பிழை ஒன்றைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு உதவுகிறது.

பழைய தமிழ் எண்முறை

பழைய தமிழ் எண்முறையில் ௧ முதல் ௯ வரை ஒன்பது குறிகளும், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் குறிகளும் இருந்தன. திருத்தணி முருகன் கோயிலுக்குச் செல்லும் மலைப்படிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் அப்படிகள் 365. இந்த எண் பழைய முறையில் ௩௱௬௰௫ என எழுதப்படும். இடமிருந்து வலமாகப் படித்தால் ‘மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து’ என்று வரும். வாயால் சொல்வதே கையால் எழுதப்பட்டது.

இம்முறையில் சுழிக்குத் தேவை எழவில்லை. முந்நூற்று ஐந்தை ௩௱௫ என்றும், முந்நூற்று ஐம்பதை ௩௱௫௰ என்றும் எழுதினால் குழப்பம் இல்லை. பத்துகள் இல்லாவிட்டால் ௰ எழுதப்படாது, அவ்வளவே.

இந்தியாவின் பிற பகுதிகளில் இடமதிப்பு முறை முன்னரே வழக்கில் இருந்தது. பிரம்மகுப்தர் 628-இல் இயற்றிய நூலில் சுழியைக் கொண்டு கணக்கிடும் விதிகள் உள்ளன. குவாலியர் கோயில் கல்வெட்டு ஒன்றில் (876) 270 என்னும் எண் இன்றுபோலவே சுழியுடன் பொறிக்கப்பட்டுள்ளது. அதே நூற்றாண்டின் இறுதியில், அபராசிதவர்ம பல்லவன் காலத்தில், திருத்தணியில் வீரட்டானேசுவரர் கோயில் எழுப்பப்பட்டது. அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் எண்கள் சொற்களாகவோ ௰, ௱ போன்ற குறிகளுடனோ வந்தன. நிலம், நெல், பொன் ஆகியவற்றின் கணக்கை எழுதி வைக்க அம்முறை போதுமானதாக இருந்ததால் அது பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

திண்ணைப் பள்ளியில் எண்

திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னர் ஓலைக்கு மாறினர். கற்ற மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றவர்களை ஒப்பிக்கச் செய்தான். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பதையும் அங்கே கையாண்டார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளியின் கணக்குப் பாடங்கள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவை. நெல்லிலக்கத்தில் அளவுகள் பத்துப் பத்தாகப் பெருகுவதில்லை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். பின்னங்களும் கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகவும், மா, காணி, முந்திரி என்று வேறு வகையிலும் இறங்கின. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு.

இவற்றைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டும் வழக்கம் இல்லை. வாய்பாடுகளை மனப்பாடம் செய்து மனக்கணக்காகவே விடை கண்டனர். ஆகவே இடமதிப்பு அங்கே ஒரு பாடமாக இருக்கவில்லை.

சுழியின் வருகை

1825-இல் சென்னையில் அச்சான ‘கணித தீபிகை’ என்னும் பாடநூல் தமிழ் எண்குறிகளுடன் சுழியைச் சேர்த்து, இடமதிப்பு முறையில் எண்களை எழுதக் கற்பித்தது. ௩௱௬௰௫ என்பது ௩௬௫ ஆயிற்று. ௩௱௫ என்பது ௩௦௫ ஆயிற்று. எண் சுருங்கியது, தாளில் கூட்டவும் பெருக்கவும் எளிதாயிற்று. ஆனால் அதுவரை கண்ணுக்குத் தெரிந்த நூறும் பத்தும் மறைந்தன. அவற்றை இனி மாணவர் மனத்தில் கொள்ள வேண்டியதாயிற்று. இடமதிப்பைத் தனியே கற்பிக்க வேண்டிய தேவை இங்கே தொடங்குகிறது.

பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் 1, 2, 3 என்னும் குறிகள் நிலைபெற்றன. தமிழ் எண்குறிகள் நாட்காட்டிகளிலும் பழைய ஆவணங்களிலும் தங்கின. தமிழ்ச் சுழிக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது 2005-இல்தான்.

கடைத்தெருவும் கரும்பலகையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பள்ளியில் கற்ற இடமதிப்புக்குக் கடைத்தெருவில் துணை இல்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்ற கணக்கில் காசு புழங்கியது. படி, வீசை, பலம், முழம், கஜம் ஆகியவையும் பத்தின் மடங்குகளில் அமையவில்லை. கரும்பலகையில் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்திற்கு ஏறும். கடையில் பன்னிரண்டோ பதினாறோ சேர வேண்டும்.

1957 ஏப்ரல் 1 அன்று ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் நாணய முறை நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் எடை, அளவைகள் 1958 முதல் படிப்படியாக வந்தன. பத்து ஒரு ரூபாய்த் தாள்கள் ஒரு பத்து ரூபாய்த் தாள், பத்துப் பத்து ரூபாய்த் தாள்கள் ஒரு நூறு ரூபாய்த் தாள் என்று காசைக் கொண்டே இடமதிப்பைக் காட்டுவது அதன்பின் எளிதாயிற்று.

எண்ணுப்பெயர்களும் எல்லைப் பகுதியும்

ஒரு மொழியின் எண்ணுப்பெயர்களும் இடமதிப்புக் கற்றலைப் பாதிக்கின்றன. தமிழில் பதினேழு என்பதில் பத்து முன்னும் ஏழு பின்னும் வருவது 17 என்று எழுதும் வரிசைக்குப் பொருந்துகிறது. ஆங்கிலத்தின் ‘செவன்டீன்’ ஏழை முதலில் சொல்வதால் ஆங்கிலவழி வகுப்புகளில் 71 என்று எழுதும் குழந்தைகள் உண்டு.

தமிழிலும் இடர்கள் உள்ளன. தொண்ணூறு என்பதில் ‘நூறு’ ஒலிக்கிறது; அதன் மதிப்போ 90. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது; மதிப்போ 900. ஒன்பதில் ‘பது’ இருந்தும் அது பத்துகளின் வரிசையில் சேராது. ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று ஒழுங்காகச் சொல்லிவரும் குழந்தை அடுத்துத் தடுமாறுவது இதனால்தான்.

திருத்தணி வட்டாரத்தில் இது இன்னொரு வடிவம் பெறுகிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1953-இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்றும் இப்பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசித் தமிழில் படிக்கும் குழந்தைகள் பலர். தெலுங்கில் 90 ‘தொம்பை’, 900 ‘தொம்மிதி வந்தலு’, அதாவது ஒன்பது நூறுகள். 300 ‘மூடு வந்தலு’, அதாவது மூன்று நூறுகள். இங்கே இடத்தின் பெயர் தெளிவாகக் கேட்கிறது. இரு மொழிப் பெயர்களையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், வீட்டுமொழி தடையாகாமல் துணையாகும்.

கட்டுகள், மணிகள், அட்டைகள்

இடமதிப்பைக் காட்டத் தொடக்கப்பள்ளிகளில் மூன்று வகைப் பொருள்கள் பயன்படுகின்றன. முதலாவது, குச்சிக் கட்டு. பத்துக் குச்சிகளை ரப்பர் வளையத்தால் கட்டினால் ஒரு பத்து. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு நூறு. குச்சிகளைக் குழந்தையே எண்ணிக் கட்டுவதும், கழிக்கும்போது கட்டை அவிழ்ப்பதும் முக்கியம். கடன் வாங்குவது என்பது கட்டை அவிழ்ப்பதே என்று அப்போது விளங்கும்.

இரண்டாவது, ஆணிமணிச் சட்டம். இதில் ஒரே அளவுள்ள மணி, நிற்கும் ஆணியைப் பொறுத்து ஒன்றாகவோ பத்தாகவோ நூறாகவோ ஆகிறது. பத்துக் குச்சியின் கட்டு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். பத்தின் ஆணியில் உள்ள மணி பெரிதாகத் தெரியாது. ஆகவே கட்டுகளில் பழகிய பிறகே மணிச்சட்டத்திற்குச் செல்வது பொருத்தம்.

மூன்றாவது, இடமதிப்பு அட்டை. 300, 60, 5 என்னும் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வலப்பக்கம் ஒட்டி அடுக்கினால் 365 தெரியும். பிரித்தால் மறைந்த சுழிகள் வெளிப்படும். மரியா மொண்டிசோரி வடிவமைத்த பொருள்களில் இத்தகைய அட்டைகளும், ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் எனத் தொகுத்த பொன்மணிகளும் உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர் இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக் கல்வி மையத்தின் கற்றல் ஏணியும் அட்டைகளும் இதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணியில் ஏற இம்முறை இடம் அளித்தது.

கொரோனாக் காலக் கற்றல் இடைவெளியை ஈடுசெய்யும் நோக்கில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 சூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கப்பட்டது. திருத்தணியும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. இத்திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கற்கின்றனர்.

பிழையின் பொருள்

முந்நூற்று அறுபத்தைந்து என்று சொன்னதும் 300605 என்றோ 30065 என்றோ எழுதும் குழந்தைகளை எந்தத் தொடக்கப்பள்ளியிலும் காணலாம். முந்நூற்று ஐந்தை 3005 என்பதும் இவ்வகையே. இதைக் கவனக்குறைவு என்று கருதிப் பத்து முறை எழுதச் சொல்வது நெடுநாள் வழக்கம். உண்மையில் அக்குழந்தை காதில் கேட்டதை ஒழுங்காகவே எழுதியிருக்கிறது. 300, 60, 5 என்று அது எழுதியதும் பழைய கணக்கர் ௩௱௬௰௫ என்று எழுதியதும் அடிப்படையில் ஒன்றே. ஒரு சமூகம் பல நூற்றாண்டுகள் பின்பற்றிய முறையை அது தானாகவே கண்டுகொண்டிருக்கிறது.

இப்பிழைக்குத் திருத்தம் அந்த எழுத்திலிருந்தே தொடங்கலாம். 300, 60, 5 என்னும் அட்டைகளைக் குழந்தையின் கையில் கொடுத்து அடுக்கச் சொன்னால், அது எழுதியது பொய்யன்று, இன்னும் அடுக்கப்படாத எண் என்பது விளங்கும். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் ௱, ௰ குறிகளை ஓரிரு பாடவேளைகளில் அறிமுகம் செய்வதும் பயன்தரும். பழைய குறியில் எழுதி, பின் நூறையும் பத்தையும் நீக்கி, இல்லாத இடத்தில் சுழியை வைக்கும்போது சுழியின் வேலை என்ன என்பதைக் குழந்தை தானே காண்கிறது. ஆண்டிறுதியில் படித்திருவிழா நடக்கும் ஊரில், 365 என்னும் எண்ணை இரு முறைகளிலும் எழுதிப் பார்ப்பது இதற்கு ஏற்ற முதல் பயிற்சி.