அரக்கும் அச்சும்

சென்ற கோடையில், குகட்பள்ளியில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் இராமாயண நாட்டிய நாடகம் ஒன்றை நடத்தினர். இராமனுக்கென்று வாங்கிய பிளாஸ்டிக் கிரீடத்தை வெயிலில் நின்ற காரில் மறந்து வைத்துவிட்டோம். மாலையில் எடுத்துப் பார்த்தபோது அது ஒருபுறம் சாய்ந்து கோணிக் கிடந்தது. நாடகம் தொடங்க இரண்டு மணி நேரமே இருந்தது. என் மனைவி கலங்கவில்லை. கிரீடத்தை வெந்நீரில் தோய்த்து இளக்கி, பித்தளைச் செம்பொன்றின்மேல் கவிழ்த்துக் கையால் நீவி, ஆறவிட்டாள். கிரீடம் நிமிர்ந்தது, இராமனும் முடிசூடினான்.

வெப்பத்தில் இளகுதல், அச்சின் வடிவை ஏற்றல், ஆறியபின் இறுகுதல், மீண்டும் சூடேற்றினால் மீண்டும் இளகுதல் – இவையே இவ்வகைப் பிளாஸ்டிக்கின் குணங்கள். நாடகக் கவசங்களையும் முகமூடிகளையும் செய்வோர் இக்குணங்களையே நம்பித் தொழில் புரிகின்றனர். முதலில் களிமண்ணால் உருவம் சமைப்பர். பாரிஸ் சாந்தைக் கொண்டு அதற்கு அச்சு எடுப்பர். இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சில் அழுத்துவர். ஆறியபின் ஓரம் சீவிப் பொன்வண்ணம் தீட்டுவர். பார்ப்பவருக்கு இது நேற்றுப் பிறந்த தொழிலாகத் தோன்றும். ஆயின் இதன் மூதாதை நம் நாட்டு அரக்கே.

அரக்கு என்றதும் பாண்டவரை எரிக்க எழுப்பிய அரக்கு மாளிகை நம் நினைவுக்கு வரும். புரசு, இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் வாழும் நுண்ணிய பூச்சி கசியவிடும் பிசினே அரக்காகும். ஒரு கிலோ அரக்குக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பூச்சிகளின் உழைப்பு வேண்டும் என்பர். இதனை ஆராய்வதற்கென்றே 1924-ஆம் ஆண்டில் இராஞ்சிக்கு அருகில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

நாட்டிய மேடைக்கும் அரக்குக்கும் உள்ள உறவு பழையது. நாகர்கோவில் வடசேரியின் பொற்கொல்லர்கள் கோயில் நகைகளில் சிவப்புக் கற்களைப் பதிக்கும்போது, குழியில் அரக்கை இளக்கி நிரப்பி, அதன்மேல் கல்லை அமர்த்துவார்கள். நெற்றிச்சுட்டியும் சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் இவ்வாறு உருவானவையே.

மேனாட்டாரும் அரக்கின் அருமையை உணர்ந்தனர். 1854-இல் அமெரிக்காவில் சாமுவேல் பெக் என்பவர் அரக்கோடு மரத்தூளைக் கலந்து, சூட்டில் அச்சிலிட்டு அழுத்திப் புகைப்படப் பேழைகள் செய்தார். தந்தத்துக்கு மாற்றுத் தேடிய ஹயட், 1870-இல் செல்லுலாயிடுக்கு உரிமை பெற்றார். 1907-இல் அரக்குக்கு மாற்றுத் தேடிய பேக்லண்டு பேக்கலைட்டைக் கண்டார். அது ஒருமுறை இறுகினால் மறுபடி இளகாத வேறு வகை. ஆகவே செயற்கைப் பிளாஸ்டிக்கின் வரலாற்றிலும் அரக்குக்கு ஓர் இடம் உண்டு.

நம் நாடகக் கலைஞர்களின் குரலையும் அரக்கே காத்தது. பழைய கிராமபோன் இசைத்தட்டுகள், அரக்குக் கலவையைச் சூடாக்கி அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் இத்தகைய தொழிற்சாலை தொடங்கியது. 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் பாடல்கள் இவ்வகைத் தட்டுகளாலேயே அவர் காலத்துக்குப் பின்னும் கேட்கக் கிடைத்தன. 1948-இல் வினைல் தட்டு வந்தது. அதன்பின் அரக்குத் தட்டுகள் படிப்படியாக மறைந்தன.

ஆனால் நாங்கள் வாழும் இதே நகரில், 1591-இல் எழுந்த சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரில், அரக்கு இன்றும் மறையவில்லை. தொழிலாளர் கரிநெருப்பில் அரக்கை இளக்கி, வண்ணம் கூட்டி, கோலாக உருட்டி, வளைத்து முனைகளை இணைப்பர். கூம்பு வடிவ மரக்கட்டையில் செலுத்தி அளவு திருத்துவர். மறுபடி சற்றே சூடுகாட்டிக் கண்ணாடிக் கற்களைப் பதிப்பர். அரக்கு ஏறத்தாழ 65 முதல் 70 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். அளவுக்கு மீறி நெடுநேரம் காய்ந்தால் இறுகிவிடும். பிறகு எத்துணைச் சூடேற்றினாலும் இளகாது. எப்போது நெருப்பிலிருந்து விலக்குவது என்பதை அவர்களுடைய கண்ணும் விரலுமே அறியும்.

அந்த அறிவுக்குத்தான் இன்று சோதனை. ஓர் அச்சைக் கொண்டு ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் வளையல்களை விரைவில் வார்த்துவிடலாம். கை அவ்வாறு விரைய இயலாது. பிளாஸ்டிக்கைப் பழிப்பதும் முறையன்று. அது கனமில்லாதது, மலிவானது. எளிய குழுவினரும் மேடையில் அரசராக வீற்றிருக்க உதவுவது. அரக்கோ கீழே விழுந்தால் உடைவது. ஆயினும் பிளாஸ்டிக்கின் அச்சு தேய்ந்தால் மற்றோர் அச்சைச் செய்துகொள்ளலாம். பழகிய கையின் தொழில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பப் பெறுவது அரிது.

ஐதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற ஊர்ச் சரக்கு அப்பெயரில் விற்கப்படாமல் அது காக்கும். வாங்குவோரை அழைத்து வருவது அதன் வேலையன்று. அது நம் வேலை. நம் இல்லத்துச் சிறுமியர் மேடையேறும்போது தலையிலுள்ள கிரீடம் பிளாஸ்டிக்காயிருக்கட்டும். கையிலுள்ள வளையலாவது அரக்காயிருக்கட்டும்.