கணினியில் பிறந்த குறுஞ்செய்தி

மெசேஜ் எண்டால் போனில இருந்து போனுக்குப் போறது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் உலகின் முதல் குறுஞ்செய்தி கணினியில் இருந்துதான் போனது. 1992 டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்தில் நீல் பாப்வர்த் என்ற இளம் பொறியியலாளர் கணினியில் தட்டிய நத்தார் வாழ்த்து, வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸிடம் இருந்த போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் போனில் பதில் எழுத வழியே இல்லை.

பிறகு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் கணினி வழியை எல்லாருக்கும் திறந்துவிட்டன. ஒவ்வொரு நம்பரும் ஒரு மின்னஞ்சல் முகவரி ஆனது. பத்து இலக்க நம்பர், அட் குறி, பின்னால் நிறுவனத்தின் டொமைன் பெயர், அவ்வளவுதான். நிறுவனத்தின் சேர்வர் அந்த மின்னஞ்சலை வாங்கி, குறுஞ்செய்தியாக மாற்றி அனுப்பும். அனுப்புறவருக்குப் போனும் தேவையில்லை, தனிக் கட்டணமும் இல்லை. எங்கேயோ ஒரு சேர்வர் படுத்துவிட்டால், நடுச்சாமத்தில் பொறியியலாளரை எழுப்பியதும் இப்படிப் போன செய்திகள்தான்.

நீட்டி எழுத மட்டும் ஏலாது. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட்டுதான் இடம். ஆங்கிலம் எண்டால் அதுக்குள்ள 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு யூனிகோட் வேணும், அதனால் 70தான். புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும். ‘அம்மா’ எண்டு எழுதினாலே ஐந்து போய்விடும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் எங்கட பழக்கத்துக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

வாசல் திறந்திருந்தால் கள்ளரும் வருவினம்தானே. நம்பரே முகவரி என்பதால், விளம்பரக்காரர் இலக்கங்களை வரிசையாகப் போட்டு அனுப்பலாம். அமெரிக்காவில் அப்போது மெசேஜ் வாங்குறவரும் காசு கட்டவேண்டியிருந்தது. ஆரோ அனுப்பிய குப்பைக்கு நாங்கள் ஏன் காசு கட்டவேணும் எண்டு சனம் கேட்டது நியாயம். 2003இல் வந்த எரித மின்னஞ்சல் தடைச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாமல் இந்த முகவரிகளுக்கு விளம்பரம் அனுப்புவது தடுக்கப்பட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயப்படாத மோசடிக்காரர் நிற்கவில்லை. கடைசியில் 2025 ஜூன் 17ஆம் திகதி ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன்ர வாசலைப் பூட்டியது.

கணினியில் இருந்து வரும் மெசேஜ் அதோட நிற்கவில்லை. வங்கி அனுப்பும் ஓடிபி, கடைகள் அனுப்பும் சலுகை எல்லாம் கணினியில் இருந்துதான் வருது. இவை பதிவுசெய்து, ஒவ்வொரு செய்திக்கும் காசு கட்டுறவர்களின் செய்திகள். கள்ளரைத் தடுக்கப் பூட்டுப் போட்டது சரி. ஆனால் காசில்லாத சின்னக் குழு ஒன்று தன்ர ஆட்களுக்கு அவசரச் செய்தி சொல்லப் பயன்பட்ட வாசலும் அதுதான். பூட்டும்போது அவையளுக்கும் ஒரு திறப்பு வைத்திருக்கலாம் எண்டுதான் எங்களுக்குப் படுது.